கம்பிக்குள்ளிருந்து ஒரு மனு

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு மாலைப் பொழுதில் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியம்மா, ஒரு கட்டுக் காகிதத்தை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகனைக் குண்டர் சட்டத்தில் பிடித்துப்போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவனை ஏன் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அதிகாரிகள் எழுதிக் கொடுத்த காரணங்கள்தாம் அந்தக் காகிதக் கட்டு. பெரியம்மாவுக்கு எழுத்து வாசனை இல்லை. தில்லியில் சட்டம் படிக்கிற பிள்ளை வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார்.

திண்ணையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். அவர் கன்னத்தில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவன் குற்றவாளியா, நிரபராதியா என்று சொல்ல நான் யார்? அவன் மேல் போட்ட வழக்குகள் தனியே கோர்ட்டில் கிடக்கின்றன. இந்தக் காவல் அவன் செய்ததற்குத் தண்டனை அன்று; இனிமேல் செய்துவிடுவான் என்ற அச்சத்தினால் போடுகிற பூட்டு. விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, பன்னிரண்டு மாதம் வரை கதவு திறக்காது. ஒரு வழி உண்டு. இந்தக் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போய், காரணம் சரியில்லை, முறை தவறிவிட்டது என்று ஆட்கொணர்வு மனு போடலாம். மறுநாள் பெரியம்மாவோடு பஸ் ஏறி ஒரு வக்கீலிடம் காகிதங்களை ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் காகிதத்தை வக்கீலிடம் கொடுக்கவும், அவர் அதை நீதிபதியின் முன் வைக்கவும் நமக்கு உரிமை இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? விடையைத் தேடிப் போனபோது, வாழ்நாளில் பதினேழு ஆண்டு அளவுக்குச் சிறையில் கழித்ததாகச் சொல்லப்படும் ஒரு மனிதரின் வரலாற்றில் போய் நின்றேன். அவர்தான் ஏ. கே. கோபாலன். சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு அவர் ஒரு வழக்கின் பெயர். மற்றவர்களுக்கு ஒரு கட்சித் தலைவரின் பெயர். அந்த வழக்கில் அவர் தோற்றார் என்பதால் எங்கள் வகுப்பில் அதைப் பழங்கதை போல இரண்டு நாளில் முடித்துவிட்டார்கள். தோற்றவர் கதையைக் கொஞ்சம் நின்று கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அன்பர்களே, நீங்களும் கேளுங்கள்.

ஆயில்யத்து குற்றியாரி கோபாலன் 1904ஆம் ஆண்டு வட மலபாரில், கண்ணூருக்கு அடுத்த பெரளசேரிப் பகுதியில் பிறந்தார். அன்று மலபார் ஜில்லா சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. ஆகவே மலையாளியான அவருடைய வாழ்க்கையில் வேலூரும் திருச்சியும் சென்னையும் அடிக்கடி வந்துபோகின்றன. தலைச்சேரியில் படித்துவிட்டு ஆசிரியர் வேலைக்குப் போனார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு ஊரோடு ஒத்து வாழ்ந்திருந்தால், ஓய்வு பெற்ற வாத்தியாராக நிம்மதியாகக் கண் மூடியிருப்பார். ஆனால் காந்தியடிகளின் அழைப்பு அவரை விடவில்லை. கதர் விற்றார், காங்கிரசில் சேர்ந்தார், 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்ததும் வேலையை உதறிவிட்டுச் சிறைக்குப் போனார். அதுதான் முதல் தடவை.

1931இல் குருவாயூர்க் கோவிலில் எல்லாச் சாதியாரையும் அனுமதிக்க வேண்டும் என்று சத்தியாக்கிரகம் நடந்தபோது தொண்டர் படைக்குத் தலைமை தாங்கி அடிபட்டார். 1936இல் வேலையில்லாக் கொடுமையையும் பட்டினியையும் எடுத்துச் சொல்வதற்காக, கண்ணூரிலிருந்து சென்னை வரை ஏறக்குறைய 750 மைல் தூரம் பட்டினி ஜாதா ஒன்றை நடத்திச் சென்றார். வழியெல்லாம் மக்கள் கொடுத்ததை உண்டு, மக்கள் விரித்த பாயில் படுத்து நடந்தார்கள். 1938இல் திருவாங்கூரில் பொறுப்பாட்சி கேட்டுக் கிளர்ச்சி மூண்டபோது அங்கும் ஒரு ஜாதாவுடன் போய்க் கைதானார். காங்கிரசிலிருந்து காங்கிரஸ் சோஷலிஸ்டுக் கட்சி, அதிலிருந்து பொதுவுடைமைக் கட்சி என்று அவர் பாதை சென்றது. அந்தப் பாதையை ஏற்பவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. நம் மன்றத்திலேயே இரு சாராரும் இருக்கிறோம். ஆனால் சிறைக் கதவு ஒருவனுடைய கட்சியைக் கேட்டுக்கொண்டு மூடுவதில்லை.

1941இல் அவர் திருச்சியில் தலைமறைவாக வேலை செய்துகொண்டிருந்தபோது பிடிபட்டார். வேலூர்ச் சிறையில் அடைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் இரவு, தோழர்கள் சிலருடன் அந்தச் சிறையிலிருந்து தப்பினார். பிறகு சில ஆண்டுகள் தலைமறைவு வாழ்க்கை. இந்தப் பகுதியைப் படிக்கும்போது யாருக்கும் துப்பறியும் நாவல் படிப்பது போலிருக்கும். ஆனால் என் மனம் அதில் நிற்கவில்லை. சிறையிலிருந்து வெளியே வர அன்று அவருக்குத் தெரிந்த வழி சுவரைத் தாண்டுவது ஒன்றே. ஒன்பது ஆண்டு கழித்து அதே மனிதர் சட்டத்தின் வாசல் வழியாக வெளியே வர முயன்றார். இந்த இரண்டு முயற்சிகளுக்கும் நடுவில் நாடு குடியரசாகிவிட்டது.

அந்த நடுப்பகுதியில் ஒரு காட்சியை அவரே தம் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். 1947 ஆகஸ்டு 14ஆம் நாள் இரவு. நாடெங்கும் விளக்கும் கொடியுமாக இருக்கிறது. அவர் மட்டும் கண்ணூர்ச் சிறையில் தனிக் கொட்டடியில் கிடக்கிறார். சிறையின் நான்கு பக்கமிருந்தும் ஜே கோஷம் எழுகிறது. அவருக்குத் தூக்கம் வரவில்லை. பொழுது விடிந்ததும், தம்மிடம் வைத்திருந்த மூவர்ணக் கொடியைத் தூக்கிக்கொண்டு சிறைக்குள்ளேயே நடக்கிறார். கைதிகள் கூடுகிறார்கள், கொடி ஏறுகிறது, சுதந்திரத்தின் பொருளைப் பற்றி அவர் பேசுகிறார். வெள்ளைக்காரன் பூட்டிய பூட்டு, வெள்ளைக்காரன் போன பிறகும் சில வாரம் அப்படியே தொங்கியது. பிறகுதான் விட்டார்கள். டிசம்பர் மாதத்தில் மீண்டும் பிடித்தார்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1948இல் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைப் புரட்சியால் வீழ்த்தும் பாதையைத் தேர்ந்தெடுத்தது. தெலுங்கானாவில் ஆயுதப் போர் நடந்தது. பிரிவினையின் ரத்தம் காயாத நாட்டை ஆண்டவர்களுக்கு அச்சம் இருந்ததில் வியப்பில்லை. ஆனால் அச்சத்தின் கையில் சாவியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அன்றைய சிறைகள் காட்டின. 1950 பிப்ரவரி 11ஆம் நாள் சேலம் சிறையில் பொதுவுடைமைக் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 22 பேர் மாண்டார்கள். குடியரசு பிறந்து பதினாறே நாள் ஆகியிருந்தது.

அந்த மாத இறுதியில் பாராளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை அவசர அவசரமாக நிறைவேற்றியது. அதற்குள் கோபாலன் மேல் போட்ட சாதாரணக் குற்ற வழக்குகளின் தண்டனைகள் ரத்தாகிவிட்டிருந்தன. ஆனாலும் அவர் வெளியே வரவில்லை. ஒரு உத்தரவு தீர்ந்தால் இன்னொரு உத்தரவு. 1950 மார்ச் 1ஆம் நாள், புதிய சட்டத்தின் கீழ் புதிய உத்தரவைச் சிறைக்குள்ளேயே கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்கள். அரசியல் சட்டம் அமலுக்கு வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை.

அந்தப் புத்தம்புது அரசியல் சட்டத்தின் 32ஆம் பிரிவு, உரிமை பறிபோனவன் எவனும் நேரே சுப்ரீம் கோர்ட்டின் கதவைத் தட்டலாம் என்கிறது. சிறைக்குள்ளிருந்து கோபாலன் அந்தக் கதவைத் தட்டினார். குடிமக்களின் அடிப்படை உரிமைகளுக்குப் பொருள் சொன்ன முதல் பெரிய வழக்கு, கம்பிக்குள் இருந்த ஒருவரின் மனுவாக அமைந்துவிட்டது. ஆறு நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். பிரதம நீதிபதி கானியா; அவருடன் பஸல் அலி, நம் சென்னைப் பக்கத்துப் பதஞ்சலி சாஸ்திரி, மகாஜன், முகர்ஜி, எஸ். ஆர். தாஸ். கைதிக்காக வாதாடியவர் எம். கே. நம்பியார். சென்னை அரசின் பக்கம் அட்வகேட் ஜெனரல் கே. ராஜா ஐயர். மத்திய அரசுக்காக அட்டர்னி ஜெனரல் சீதல்வாட். சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்போது சொந்தக் கட்டடம் இல்லை. இதோ நம் தில்லியில், பாராளுமன்றக் கட்டடத்தில் மன்னர்களின் சபைக்கென்று கட்டிய மண்டபத்தில்தான் கோர்ட் நடந்தது.

வாதம் என்ன? சட்டம் படிக்காத நண்பர்களுக்காக எளிமையாகச் சொல்கிறேன். அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு, சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி ஒருவனுடைய உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்கிறது. பாராளுமன்றம் எதை நடைமுறை என்று எழுதி வைத்தாலும் அது போதுமா, அல்லது அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டுமா? கேள்வி இதுதான். குற்றம் என்ன என்று சொல்லி, மறுமொழி கேட்டு, நடுநிலையான ஒருவர் முன் விசாரிப்பதே நடைமுறை என்றார் நம்பியார். நாடெங்கும் நடமாடும் உரிமையை 19ஆம் பிரிவு கொடுக்கிறது, அதைப் பறிப்பது நியாயமா என்பதைக் கோர்ட் ஆராய வேண்டும் என்றும் வாதிட்டார். மூன்று மாதத்துக்கு மேல் ஒருவரை அடைத்து வைக்க ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று 22ஆம் பிரிவு சொல்லியிருக்க, அந்தக் குழுவையே ஒதுக்கிவிட்டு ஓராண்டு வரை அடைக்க இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறதே என்றும் கேட்டார்.

இதற்குப் பின்னணி ஒன்று உண்டு. அரசியல் சட்டத்தின் முதல் வரைவில், அமெரிக்காவில் இருப்பது போல, நியாயமான சட்ட முறை வேண்டும் என்ற சொற்கள் இருந்தன. பி. என். ராவ் அமெரிக்கா சென்று நீதிபதி பிராங்க்பர்ட்டரைச் சந்தித்துத் திரும்பிய பிறகு அந்தச் சொற்கள் போயின. நீதிபதிகளுக்கு அவ்வளவு அதிகாரம் ஆகாது என்ற கருத்து வென்றது. அதனால் ஏற்பட்ட இழப்பை ஓரளவு ஈடு செய்யத்தான் அம்பேத்கர் 1949இல், கைதானவருக்குரிய பாதுகாப்புகளைக் கூறும் தனிப் பிரிவைக் கொண்டுவந்தார். அந்தப் பிரிவே தடுப்புக் காவலுக்கும் இடம் வைத்தது. ஈடாகக் கொடுத்த பொருளிலேயே ஒரு ஓட்டை.

1950 மே 19ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சட்ட அறிக்கையில் இருநூறு பக்கங்களைத் தாண்டும் தீர்ப்பு. விடுதியில் மூன்று இரவுகள் விழித்து அதைப் படித்தேன். ஆறு பேரில் நால்வர் மனுவைத் தள்ளினார்கள். பாராளுமன்றம் இயற்றியதே சட்டம், அதில் எழுதியதே நடைமுறை. அது நியாயமா என்று அளக்கக் கோர்ட்டுக்குக் கோல் இல்லை. ஒவ்வொரு உரிமைப் பிரிவும் தனித்தனி அறை, ஒன்றின் கதவு மற்றொன்றுக்குள் திறக்காது. பெரும்பான்மையின் சாரம் இவ்வளவுதான். மகாஜனும் பஸல் அலியும் மாறுபட்டார்கள். ஆலோசனைக் குழுவைத் தவிர்க்கும் பிரிவு செல்லாது, கைதியை விட வேண்டும் என்றார்கள். பஸல் அலி மேலும் ஒரு படி சென்று, நடைமுறை என்றால் அதில் நியாயத்தின் அடிப்படைகளும் அடங்கும் என்றார்; உரிமைகள் தனித்தனி அறைகள் அல்ல, ஒன்றோடொன்று பின்னியவை என்றும் எழுதினார். அன்று அவர் குரல் தனிக் குரல்.

கோபாலன் தோற்றார். ஆனால் ஒன்றே ஒன்றில் ஆறு நீதிபதிகளும் ஒரே குரலில் பேசினார்கள். அது அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. கைதிக்குக் கொடுத்த காரணங்களைக் கோர்ட்டில் சொல்லக் கூடாது, கோர்ட்டும் கேட்கக் கூடாது, அனுமதியின்றி வெளியிட்டால் அதுவே குற்றம் என்றது அந்தப் பிரிவு. இதனால் கோபாலனே தம் கையில் இருந்த காரணங்களை நீதிபதிகளிடம் காட்ட முடியாமல் நின்றார். கோர்ட்டுக்கு வா என்று ஒரு கை அழைக்க, வாயைப் பொத்திக்கொண்டு வா என்று இன்னொரு கை தடுத்தது. இந்தப் பிரிவு செல்லாது என்று எல்லோரும் சேர்ந்து அடித்தார்கள். தீர்ப்பில் அது சிறு பகுதி. வகுப்பில் அதற்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குத் திண்ணை நினைவுக்கு வந்தது. அந்தப் பிரிவு நிலைத்திருந்தால், பெரியம்மா முந்தானையில் மூடிக் கொண்டுவந்த காகிதத்தை நான் வாசித்துச் சொன்னதே குற்றமாகியிருக்கும். நீதிபதி அதைப் பார்க்கவே முடியாது. தோற்ற மனிதர் வெளியே வரவில்லை. பூட்டில் சாவித் துவாரம் ஒன்றை மட்டும் திறந்து வைத்துவிட்டு உள்ளே திரும்பிப் போனார்.

1951இல் அவர் விடுதலையானார். மறு ஆண்டே கண்ணூர் மக்கள் அவரை முதல் மக்களவைக்கு அனுப்பினார்கள். கட்டாயமாக அடைக்கப்பட்டிருந்தவர் சட்டம் இயற்றும் இடத்திலேயே போய் உட்கார்ந்தார். 1977 வரை ஐந்து மக்களவைகளிலும் அவர் இருந்தார். 1964இல் கட்சி பிளந்தபோது மார்க்சிஸ்டு கட்சியின் பக்கம் நின்றார். இடையில் ஒரு சிறு செய்தி. நாம் மாலை வேளையில் போய் மணிக்கணக்காக உட்கார்ந்து பேசும் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறதே, காபி போர்டு தன் கடைகளை மூடித் தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பியபோது, 1957-58 வாக்கில் அவர்களைக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டிக் கடைகளை நடத்தச் சொன்னவர் இந்தக் கோபாலன்தான். இனி அங்கே காபி குடிக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

1975இல் நெருக்கடி நிலை வந்தபோது அவருக்கு வயது எழுபது. உடல் தளர்ந்திருந்தது. அப்போதும் கைது செய்து சில நாளில் விட்டார்கள். அவர் மக்களவையில் எழுந்து அதை எதிர்த்துப் பேசினார். 1976 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், நெருக்கடி நிலையில் சிறைப்பட்டவர்கள் கோர்ட்டுக்கு வரவே முடியாது என்று கதவைச் சாத்தியது. ஐவரில் எச். ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். 1977 மார்ச்சில் நெருக்கடி நிலை நீங்கியது. அந்த மாதம் 22ஆம் நாள் கோபாலன் திருவனந்தபுரத்தில் கண்ணை மூடினார்.

அவர் வழக்கு அவரோடு சாகவில்லை. தனித்தனி அறைகள் என்ற சுவரை 1970இல் வங்கிகள் நாட்டுடைமை வழக்கு இடித்துவிட்டிருந்தது. 1978 ஜனவரி 25ஆம் நாள், அவர் மறைந்து ஓராண்டுகூட ஆகாதபோது, மேனகா காந்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட் மீதியையும் சொல்லிவிட்டது. நடைமுறை என்று ஏட்டில் எழுதியிருந்தால் போதாது, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும். 1959இலேயே மறைந்துவிட்ட பஸல் அலியின் தனிக் குரல் நாட்டின் சட்டமாயிற்று.

அதன் பலன் உடனே சிறைக் கொட்டடிக்குப் போய்ச் சேர்ந்தது. திகார் சிறையில் தூக்குத் தண்டனை பெற்ற சுனில் பத்ரா என்ற கைதி, தன்னைத் தனிமைச் சிறையில் வைத்திருப்பதை எதிர்த்து மனு போட்டார். சார்லஸ் சோப்ராஜ் காலில் மாதக்கணக்காகக் கிடந்த இரும்பு விலங்கை எதிர்த்தார். இருவரும் நல்லவர் என்று யாரும் சொல்லவில்லை. நீதிபதிகளே திகாருக்குப் போய்ப் பார்த்தார்கள். 1978 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. சிறை வாசலில் உரிமைகள் உதிர்ந்துவிடுவதில்லை. தனிமைச் சிறை ஒரு தண்டனை, அதைச் சிறை அதிகாரி தாமே விதிக்க முடியாது. விலங்கு பூட்டினால் காரணம் வேண்டும், அதற்கு எல்லை வேண்டும் என்றது கோர்ட். அடுத்த ஆண்டு அதே பத்ரா, மற்றொரு கைதியை ஒரு வார்டர் வதைத்ததைப் பற்றி எழுதிய கடிதத்தையே கோர்ட் மனுவாக ஏற்றது. அந்தத் தீர்ப்புகளை எழுதியவர்களில் முதன்மையானவர் வி. ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டில் பிறந்து மலபாரில் வக்கீலாக இருந்தவர். பொதுவுடைமைக்காரர்களுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948இல் ஒரு மாதம் தாமே சிறையில் கிடந்தவர். உள்ளே இருந்து பார்த்த கண்ணுக்குத்தான் விலங்கின் எடை தெரியும் போலும்.

இதையெல்லாம் சொல்லி, எல்லாம் நன்றாக முடிந்தது என்று மங்களம் பாட எனக்கு மனம் வரவில்லை. 1950ஆம் ஆண்டுச் சட்டம் 1969இல் காலாவதியானது. 1971இல் மிசா வந்தது. அது போய் 1980இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம் தமிழ்நாட்டில் 1982இல் குண்டர் சட்டம் வந்தது. கோபாலன் எதிர்த்த தடுப்புக் காவலுக்கு அரசியல் சட்டத்தில் இன்னும் இடம் இருக்கிறது. குண்டர் சட்டம் பாய்ந்தது என்று ஊர்ச் செய்தித்தாளில் பார்க்கும்போது நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். நான் அப்படித்தான் இருந்தேன். தெருக்கோடி வீட்டிலிருந்து அந்தக் காகிதம் வரும் வரையில்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். சிறையில் இருப்பவன் அழுதால் சுவர்தான் கேட்கும். அந்த அழுகை கோர்ட்டுக்குக் கேட்க வேண்டுமானால், தோற்போம் என்று தெரிந்தும் ஒருவர் முதலில் மனு எழுத வேண்டியிருக்கிறது. நூறு பேர் தோற்ற தடத்தில்தான் நூற்றியோராவது ஆள் வெளியே வருகிறான்.

பெரியம்மாவின் மகனுடைய காவல் உத்தரவை ஐந்து மாதம் கழித்துக் கோர்ட் ரத்து செய்தது. அவன் கொடுத்த விண்ணப்பத்தை அதிகாரிகள் உரிய காலத்தில் பரிசீலிக்கவில்லை என்பது காரணம். அவன் மேலுள்ள மற்ற வழக்குகள் நடக்கின்றன. அவற்றில் என்ன ஆகுமோ, அது நீதிபதியின் பொறுப்பு. சென்ற மாதம் அம்மா தொலைபேசியில் பேசும்போது, பெரியம்மா அந்தக் காகிதக் கட்டை இன்னும் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று சொன்னார். வைத்திருக்கட்டும். அந்தக் காகிதம் வெளிச்சத்துக்கு வருவதற்காகச் சிறையிலிருந்து ஒருவர் வழக்காடித் தோற்றிருக்கிறார் என்று, அடுத்த விடுமுறையில் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து அவருக்குச் சொல்ல வேண்டும்.